மோட்டார் ஹோம் பின்னால் பிக்கப்பைக் கட்டி இழுக்கலாமா? முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் மோட்டார் ஹோம் (படுக்கை, சமையல் வசதியோடு கூடிய வீட்டு வண்டி) வைத்திருக்கும் நம் ஆட்களை இப்போது ஆங்காங்கே பார்க்க முடிகிறது. பள்ளி விடுமுறை விட்டால் கேமரன் மலை, பினாங்கு என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் சிக்கல். அவ்வளவு பெரிய வண்டியை ஜார்ஜ் டவுன் சந்துகளுக்குள் திருப்ப முடியாது, பினாங்கு லிட்டில் இந்தியாவில் நிறுத்தவும் முடியாது. அதனால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணே, வீட்டில் ஹைலக்ஸ் பிக்கப் சும்மாதானே நிற்கிறது, பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாமா? அமெரிக்காவில் எல்லாரும் அப்படித்தானே போகிறார்கள்?"

அமெரிக்காவில் போகிறார்கள், உண்மைதான். ஆனால் எல்லா பிக்கப்பையும் அப்படி இழுப்பதில்லை. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம் என்று தயாரிப்பாளரே கையேட்டில் எழுதிக் கொடுத்த சில வண்டிகளை மட்டும்தான் இழுக்கிறார்கள். நம் ஊரில் ஓடும் ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன், நவாரா, டி-மேக்ஸ் ஆகியவை நெடுந்தூரம் இப்படி இழுபடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இழுவைக் கம்பி எவ்வளவு தடிமன், கொக்கி எத்தனை டன் தாங்கும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சக்கரம் சுற்றும்போது வண்டிக்குள் வேறு எதெல்லாம் சுற்றுகிறது, அதற்கு எண்ணெய் போகிறதா? இதற்குப் பதில் தெரியாமல் கொக்கியைத் தொடாதீர்கள்.

முதல் படி: கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது?

இழுபடும் வண்டியில் எஞ்சின் ஓடவில்லை. ஆனால் பின்சக்கரம் சுற்றுகிறது. அதோடு ஆக்ஸில், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல், அதையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சுற்றுகின்றன. அந்த ஷாஃப்ட் போய்ச் சேருவது கியர்பாக்ஸின் பின்பக்கம். நியூட்ரலில் போட்டுவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நியூட்ரல், எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வரும் விசையை மட்டும்தான் துண்டிக்கிறது. சக்கரத்திலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் சுழற்சியை அது நிறுத்துவதில்லை.

ஆட்டோ கியர்பாக்ஸில் எண்ணெயைத் தள்ளும் பம்ப் முன்பக்கத்தில் இருக்கிறது. எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் எஞ்சினோடு சேர்ந்து சுற்றினால்தான் அந்த பம்ப் வேலை செய்யும். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். ஆனால் உள்ளே ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் புஷ் வளையங்களும் கிரகப் பற்சக்கரங்களும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்பச் சுற்றிக்கொண்டிருக்கும், எண்ணெய் இல்லாமல். இப்படி இழுபட்டு வந்த கியர்பாக்ஸின் அடித்தட்டை செந்தூல் பக்கம் ஒரு பட்டறையில் கழற்றியபோது பார்த்திருக்கிறேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தால் பித்தளை நிறத் துகள் மின்னியது. அது புஷ்ஷிலிருந்து உரிந்து வந்த உலோகம். அடித்தட்டில் இருந்த காந்தத்தில் இரும்புத் தூள் கறுப்புச் சேறாக அப்பியிருந்தது. அதற்குப் பிறகு எண்ணெய் மாற்றி ஒரு பயனும் இல்லை. கியர்பாக்ஸையே இறக்கித்தான் ஆக வேண்டும்.

மேனுவல் என்றால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். மேனுவல் பெட்டியில் பற்சக்கரங்களே எண்ணெயை வாரி இறைத்துக்கொள்ளும், பம்ப் தேவையில்லை. ஆனால் பின்சக்கர இழுவை பிக்கப்பில் எண்ணெயை வாரி இறைப்பது கீழே கிடக்கும் துணை ஷாஃப்ட். அது கிளட்ச் பக்கத்து ஷாஃப்ட்டோடு சேர்ந்துதான் சுற்றும். எஞ்சின் ஓடாமல் நியூட்ரலில் இழுபடும்போது மேலே இருக்கும் மெயின் ஷாஃப்ட் மட்டும் சுற்றும், துணை ஷாஃப்ட் சும்மா கிடக்கும். அடுத்த சந்திப்பு வரை இழுப்பதால் ஒன்றும் ஆகாது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு 350 கிலோமீட்டர் இழுத்தால் மேலே இருக்கும் பேரிங்குகள் காய்ந்துபோகும்.

"எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு நியூட்ரலில் இழுத்தால் பம்ப் ஓடுமே?" என்று சிலர் கேட்பார்கள். பம்ப் ஓடும். ஆனால் உள்ளே ஆள் இல்லாத வண்டியை எஞ்சின் ஓட நெடுஞ்சாலையில் இழுத்துப் போவதை நான் ஒருநாளும் பரிந்துரைக்க மாட்டேன். கையேடு அனுமதிக்காத வரை அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் இருக்கிறதா?

அமெரிக்க பிக்கப்புகளில் சிலவற்றை இழுக்க முடிவதற்குக் காரணம் இதுதான். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் ஃபோர்-வீல் வண்டியில், அந்த விசையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்ப, கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. அதற்கே தனியாக ஒரு நியூட்ரல் இருந்தால், சக்கரத்திலிருந்து வரும் சுழற்சி அங்கேயே நின்றுவிடும், கியர்பாக்ஸ் அசையாது. இத்தகைய டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் பலவற்றில் எண்ணெய் பம்ப் பின்பக்கத்து ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும்படி அமைந்திருக்கும். அதனால் இழுபடும்போதும் அந்தப் பெட்டிக்கு எண்ணெய் கிடைக்கும்.

ஜீப் கிளாடியேட்டரில் இதற்கென்று தனி லிவர் இருக்கிறது. ஃபோர்டு எஃப்-150-இன் ஃபோர்-வீல் வகையில் இழுவைக்கென்று நியூட்ரல் வசதி இருக்கிறது. செவர்லே சில்வராடோவில் நியூட்ரலோடு கூடிய இரண்டு வேக டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள வகைக்கு மட்டும் இந்த வசதி உண்டு. ஒரே பெயரில் விற்கும் பிக்கப்பிலேயே ஒரு வகையை இழுக்கலாம், இன்னொன்றை இழுக்கக் கூடாது என்பதைக் கவனியுங்கள். பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது.

இப்போது உங்கள் வண்டியைப் பாருங்கள். டேஷ்போர்டில் 2H (இரு சக்கர இழுவை), 4H (நான்கு சக்கர இழுவை), 4L (நான்கு சக்கர இழுவை, குறைந்த வேகம்) என்று மூன்றே நிலை கொண்ட குமிழ் இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய நியூட்ரல் அதில் இல்லை. பழைய ஹைலக்ஸ் சிலவற்றில் இரண்டாவது லிவரில் N எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள், கையேட்டைத் திறந்து பாருங்கள். பழுதான வண்டியை இழுப்பது பற்றிய அத்தியாயமும், உல்லாசப் பயணத்தில் பின்னால் கட்டி இழுப்பது பற்றிய அத்தியாயமும் வேறு வேறு. முதலாவதில் "இத்தனை கிலோமீட்டர், இத்தனை வேகம்" என்று சிறிய எண்கள் இருக்கும். அது பட்டறை வரை போவதற்கான அனுமதி மட்டுமே. இரண்டாவது அத்தியாயமே இல்லை என்றால், உங்கள் வண்டியை அப்படி இழுக்கக் கூடாது என்று பொருள்.

இழுக்கக் கூடாத பிக்கப்பை என்ன செய்வது?

மூன்று வழிகள் இருக்கின்றன. இரண்டாவது ஓட்டுநர் இருந்தால் பிக்கப்பைத் தனியாக ஓட்டிக்கொண்டு வரட்டும். நம் ஊர்த் தூரங்களுக்கு இதுதான் சிறந்த வழி என்பேன். கோலாலம்பூர்–பினாங்கு நாலைந்து மணி நேர ஓட்டம், அதற்காக ஒரு கியர்பாக்ஸைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அடுத்தது, வண்டியை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் கேரியர் லோரியில் அனுப்புவது.

மூன்றாவது, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுப்பது. பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த வேலைதான். பின் டிஃபரன்ஷியல் பக்கத்து ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகட்டில்) ஷாஃப்ட்டும் ஃபிளாஞ்சும் சேருமிடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் பொருத்தும்போது அந்தக் கோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் வண்டி அதிரும். போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்ட்டை முழுதாக வெளியே எடுங்கள். டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) வண்டிகள் பலவற்றில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவில் ஒரு பேரிங்கோடு இருக்கும். அந்த பேரிங்கின் தாங்கியையும் கழற்றித்தான் ஆக வேண்டும். கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட்டு ஓட்டாதீர்கள். கியர்பாக்ஸின் வாலுக்குள் நுழைந்து நிற்கும் வகை ஷாஃப்ட் என்றால் உருவியதும் எண்ணெய் கொட்டும், அந்தத் துளைக்கு ஒரு மூடி வேண்டும். ஃபோர்-வீலை 2H-இல் வையுங்கள். முன்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) கையால் திருப்பும் பூட்டு இருந்தால் ஃப்ரீயில் வையுங்கள். இதையெல்லாம் வண்டியைத் தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே செய்ய வேண்டும். ஷாஃப்ட்டை எடுத்துவிட்டால் ஆட்டோவில் P போட்டாலும் மேனுவலில் கியர் போட்டாலும் வண்டி நிற்காது. ஹேண்ட் பிரேக் மட்டும்தான் பிடிக்கும்.

ஒவ்வொரு பயணத்துக்கும் கழற்றி மாட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. பழுதான வண்டியை ஒருமுறை ஊர் கொண்டு சேர்க்க மட்டும் இந்த வழியைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் படி: எடைக் கணக்கு

இனி வருவது, இழுக்கத் தகுதியான பிக்கப் கையில் இருப்பவர்களுக்கு. அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய் மோட்டார் ஹோமில் ஊர் சுற்ற நினைப்பவர்களுக்கும் இது பயன்படும்.

ஜீப் கிளாடியேட்டரின் எடை இரண்டு டன்னுக்குச் சற்று மேல். அமெரிக்காவில் பெட்ரோல் மோட்டார் ஹோம்கள் பலவற்றின் இழுவைக் கொக்கி 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ வரை தாங்கும். காலி வண்டியாக இருந்தால் கணக்கு சரியாக வரும். பின்தட்டில் சைக்கிள், கூடாரம், ஜெனரேட்டர், தண்ணீர் டப்பா எல்லாம் ஏற்றினால் வராது. கொக்கியின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஒரு மொத்த எடை வரம்பு இருக்கும். குடும்பம், தண்ணீர்த் தொட்டி, எரிவாயு, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏற்றியபின் எடைப் பாலத்தில் நிறுத்தி எடை பாருங்கள்.

நம் ஊரில் ஹையேஸ் போன்ற வேன்களையும் மோட்டார் ஹோமாக மாற்றுகிறார்கள். வேனின் சொந்த எடையே இரண்டு டன் அளவில்தான் இருக்கும். அதன் பின்னால் அதே எடையில் ஒரு பிக்கப்பைக் கட்டினால், இறக்கத்தில் எந்த வண்டி எதைக் கட்டுப்படுத்துகிறது என்பதே கேள்வியாகிவிடும். இதை நான் திட்டவட்டமாகவே சொல்கிறேன்: வேண்டாம்.

நான்காம் படி: மாட்டுவது

பிக்கப்பின் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டு இறுக்கிய அடித்தகடு, அதிலிருந்து மோட்டார் ஹோமின் கொக்கிக்குப் போகும் முக்கோண வடிவ இழுவைக் கம்பி, அதன் இருபுறமும் பாதுகாப்புச் சங்கிலி, இவைதான் அடிப்படை. இழுவைக் கம்பி கூடியவரை மட்டமாக இருக்க வேண்டும். அதிகமாகச் சாய்ந்திருந்தால் பிரேக் போடும்போது பின் வண்டி முன் வண்டிக்கு அடியில் புகவோ மேலே ஏறவோ பார்க்கும். சங்கிலிகளைக் கம்பிக்கு அடியில் குறுக்காக, கத்தரி போல மாட்டுங்கள். கொக்கி கழன்றால் கம்பி அந்தச் சங்கிலி மேல் விழுமே தவிர சாலையில் குத்தாது. திரும்புவதற்கு இடம் கொடுக்கும் அளவு தளர்வு இருக்கட்டும், தரையில் உரசக் கூடாது.

மாட்டியபின் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்குக் கொண்டுபோகும் வரிசை வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டை மடியில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். ஆனால் ஒரு சோதனையை மறக்கவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டு, காலை பிரேக் மேல் தயாராக வைத்துக்கொண்டு, D-க்கும் R-க்கும் மாற்றிப் பாருங்கள். வண்டி ஓர் அங்குலம்கூட நகரப் பார்க்கக் கூடாது. நகர்ந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னும் நியூட்ரலுக்கு வரவில்லை. அப்படியே இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்கு வந்த நொடியிலிருந்து P வண்டியைப் பிடிக்காது. சாய்வான இடத்தில் நின்றால் வண்டி தானாக உருளும். எனவே இந்த வேலை முழுவதும் சமதளத்தில் நடக்க வேண்டும், மேலே சொன்ன சோதனை நேரம் தவிர ஹேண்ட் பிரேக் இழுத்தே இருக்க வேண்டும். இழுவைக் கம்பி பூட்டி, பூட்டு ஊசி செருகி, சங்கிலி மாட்டிய பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பிள்ளைகளை இரண்டு வண்டிக்கும் நடுவில் நிற்க விடாதீர்கள். அப்புறம் ஸ்டீயரிங் பூட்டு. வளைவில் முன்சக்கரங்கள் தாமாகத் திரும்ப வேண்டும். பூட்டியிருந்தால் டயர் தேய்ந்து கிழியும்.

ஐந்தாம் படி: பிரேக்

இதில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களிடம் நான் வாதாடிக்கொண்டே இருப்பேன். மோட்டார் ஹோமின் பிரேக் அதன் சொந்த எடையை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. பின்னால் இரண்டு டன் கூடினால் நிற்கும் தூரம் கூடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அடக்க வேண்டிய ஆற்றலைப் போல நான்கு மடங்கை 80-இல் அடக்க வேண்டும். கராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் பக்கம் இறங்கும்போதோ, ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கம் உள்ள மலைப்பகுதியிலோ, லோரிகளின் பிரேக்கிலிருந்து வரும் வாடையை முகர்ந்தவர்களுக்கு இது புரியும்.

எனவே பிக்கப்பின் பிரேக்கும் வேலை செய்ய வேண்டும். முன் வண்டியில் பிரேக் அழுத்தினால் பின் வண்டியின் பெடலையும் அழுத்தும் துணைக் கருவிகள் இருக்கின்றன. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் வைத்து எடுக்கும் பெட்டி வகை உண்டு, நிரந்தரமாகப் பொருத்தும் வகையும் உண்டு. முன் வண்டி எவ்வளவு அழுத்துகிறதோ அதே அளவில் பின்னதையும் அழுத்தும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதோடு ஒரு கம்பி வடத்தால் முன் வண்டியோடு இணைத்த அவசர ஸ்விட்சும் வேண்டும். பின் வண்டி கழன்றால் வடம் ஸ்விட்சின் ஊசியை உருவும், பிக்கப் தானே பிரேக் போட்டு நிற்கும். அந்த வடத்தைப் பாதுகாப்புச் சங்கிலியிலேயே மாட்டிவிடாதீர்கள், தனி இடத்தில் மாட்டுங்கள். கம்பி, சங்கிலி, வடம் ஆகிய மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் மிஞ்ச வேண்டும்.

விளக்குகள் எளிது. முன் வண்டியின் பிரேக் விளக்கும் சிக்னலும் பின் வண்டியிலும் எரிய வேண்டும். பிக்கப்பின் சொந்த மின்சுற்றுக்குள் திருப்பி மின்சாரம் பாயாமல் டையோடு வைத்து இணைக்கச் சொல்லுங்கள். சாவி ஆக்ஸசரி நிலையில் இருந்தால் பேட்டரி இறங்கும், அதையும் கவனியுங்கள்.

மலேசியாவில் இதைச் செய்ய நினைத்தால், கொக்கி பொருத்துவதற்கு முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்தில் விசாரித்து எழுத்தில் பதில் வாங்குங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் இழுவை பற்றிய பிரிவையும் படியுங்கள். இழுபடும் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது அங்கேதான் இருக்கும்.

ஆறாம் படி: ஓட்டுவது

பின்னோக்கி வராதீர்கள். இதுதான் முதல் விதி. ரிவர்ஸ் எடுத்தால் பிக்கப்பின் முன்சக்கரம் தன் போக்கில் முழுதாக மடங்கும், கம்பி வளையும். பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் முன்பே வெளியேறும் வழியைப் பார்த்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால், இறங்கிப் பிக்கப்பைக் கழற்றிவிட்டுத்தான் பின்னால் வர வேண்டும்.

கிளம்பி ஓரிரு கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, சுற்றி நடந்து பாருங்கள். சக்கர ஹப் அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன்பின் ஒவ்வோர் ஓய்வுத்தலத்திலும் இதையே செய்யுங்கள். பின் வண்டியின் டயர் பஞ்சரானால் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமலே போகலாம். டயர் காற்றைக் காட்டும் கருவியும் பின்பக்கக் கேமராவும் அதற்காகவே.

பிக்கப் வழியில் பழுதாகி நின்றால்

நம்மில் பெரும்பாலோருக்கு உண்மையில் வரப்போகும் இழுவை இதுதான். பிளஸ் நெடுஞ்சாலையில் நின்றால் ஓரமாக ஒதுக்கி, ஹசார்டு விளக்கு போட்டு, எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். அந்த நெடுஞ்சாலையின் உதவி எண்ணான பிளஸ்லைன் 1800-88-0000. காப்புறுதியில் சாலை உதவி இருந்தால் அடுத்து அந்த எண்ணுக்கு அழையுங்கள். யாரும் அழைக்காமலே ஒரு டோ லோரி வந்து நின்று கொக்கியை எடுத்தால் மாட்ட விடாதீர்கள். எங்கே கொண்டுபோகிறார், எவ்வளவு கேட்கிறார் என்று முதலில் எழுதி வாங்குங்கள்.

"கேரியர் அனுப்புங்கள், ஃபோர்-வீல் பிக்கப்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுக்கும் லோரி வந்தால் பின்சக்கரம் தரையில் உருளும், மேலே சொன்ன அதே சேதம் நடக்கும். ஃபோர்-வீல் மாட்டிய நிலையிலேயே இறுகிப்போயிருந்தால் இன்னும் மோசம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் கேரியர்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் எத்தனையோ வண்டிகள் கழுத்தளவு நீரில் நின்றன. டிஃபரன்ஷியலுக்குள்ளும் கியர்பாக்ஸுக்குள்ளும் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கும். அதை உருட்டினால் பால் நிறமாகிப்போன எண்ணெயில்தான் பேரிங் சுற்றும்.

தோட்டத்துச் செம்மண் சாலையிலோ தாமான் குடியிருப்புக்குள்ளோ கயிறு கட்டி இழுத்தே ஆக வேண்டுமென்றால், எடை எழுதியிருக்கும் இழுவைப் பட்டையை வண்டியின் இழுவை வளையத்தில் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டாதீர்கள். அது உடைந்து பறந்தால் ஆளைக் கொல்லும். பட்டையின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். இழுபடும் வண்டியின் ஸ்டீயரிங்கில் அனுபவமுள்ளவர் உட்காரட்டும். எஞ்சின் ஓடாததால் பவர் ஸ்டீயரிங் இல்லை. பிரேக் இரண்டு மூன்று மிதியில் கல்லாகிவிடும், அதன்பின் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். பட்டை தளராமல் இறுகியே இருக்கும்படி பின்னவர் லேசாகப் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். வேகமும் தூரமும் கையேட்டில் சொன்ன எண்ணைத் தாண்டக் கூடாது.

போய்ச் சேர்ந்ததும் முதலில் ஹேண்ட் பிரேக், அடுத்து சக்கரத்துக்குக் கட்டை, அதன் பிறகே கொக்கி. டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து இழுத்து வந்திருந்தால் அதை 2H-க்குத் திரும்பக் கொண்டுவந்து, P உண்மையாகவே பிடிக்கிறதா என்று வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுங்கள்.